மாடிப்படி நாற்காலி வாங்குறதுக்கு முன்னாடி: ஒரு நீண்ட த்ரெட்

1/
"டாக்டர், அம்மாவால மாடி ஏற முடியல. படியில ஓடுற சேர், அதான் ஸ்டேர்லிஃப்ட், போடலாம்னு இருக்கோம். சேஃபா?"

இந்த ஒரு வருஷத்துல இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல நிறைய வந்துருச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் எழுதி மாளல. அதனால மொத்தமா இங்க எழுதுறேன். பொறுமையா படிங்க, வீட்ல வயசானவங்க இருந்தா சேமிச்சு வச்சுக்கோங்க.

சுருக்கமான பதில்: ஒழுங்கா மாட்டின சேர் ஓடும்போது பெரும்பாலும் சேஃப்தான். என் பயம் எல்லாம் அது ஓடாத நாளைப் பத்தி.

2/
ஏன்னு சொல்றேன். நைட் டியூட்டி. எழுபது வயசு தாண்டின ஒரு அம்மாவை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வலது கால் இன்னொரு காலை விடக் குட்டையா, பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடந்துச்சு. எக்ஸ்ரே எடுக்குறதுக்கு முன்னாடியே புரிஞ்சு போச்சு, இடுப்பு எலும்பு முறிவு.

எப்படிம்மா விழுந்தீங்கன்னு கேட்டேன். "படியில சாமி" என்றார். பக்கத்துல நின்ன மகன் அழுதுட்டே சொன்னார்: "ரெண்டு வருஷமா அம்மா படியில காலே வைக்கல டாக்டர். அதுக்குத்தான் சேர் போட்டோம்."

3/
நடந்தது இதுதான். குடும்பத்தோட அஞ்சு நாள் வெளியூர் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. பத்திரமா இருக்கட்டும்னு வீட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வந்து ஆன் பண்ணதும் சேர் ஓடியிருக்கு. அம்மா அதுல ஏறி மாடிக்குப் போயிட்டாங்க. வழக்கம்போல ராத்திரி சேரை மட்டும் ரிமோட்ல கீழ அனுப்பி மடக்கி வச்சிருக்காங்க. காலையில அது அசையல.

கம்பெனிக்குப் போன் பண்ணா "பேட்டரி மாத்தணும் சார், வரவழைக்கிறோம்". மறுபடி போன். "நாளைக்கு ஆள் வருவாங்க சார்." பதினோரு நாள் நாளைக்குத்தான்.

4/
அதுவரைக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் மாடிக்கே போச்சு. பதினோராவது நாள் அவங்க வீட்டுக்காரரோட திதி. படையல் கீழ் ஹால்ல. "அந்த மனுஷனுக்கு வருஷத்துல ஒரு நாள், அதுக்குக்கூட இறங்க மாட்டேனா"ன்னு யாரையும் கூப்பிடாம, கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கியிருக்காங்க.

கடைசி மூணு படிகிட்ட, கம்பி இருக்குற பக்கத்துலயே மடக்கின சேர் நிக்குது. அதைச் சுத்திப் போகக் கம்பியை விட்டாகணும். மறுபக்கம் வெறும் சுவர், பிடிக்க எதுவும் இல்ல. அங்கதான் கால் வழுக்கியிருக்கு.

5/
இதுல மெஷின் யாரையும் தள்ளி விடல. பெல்ட் அறுந்து போகல, மோட்டார் வெடிக்கல. அது ஓடாம நின்னுச்சு, அவ்வளவுதான். ஆனா நின்ன இடத்துல வழியையும் மறிச்சிருச்சு. ரெண்டு வருஷமா படி ஏறாததால தொடை பலமும் போயிருச்சு. பிடிக்க ரெண்டாவது கம்பியும் இல்ல.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி கீழ விழுந்து இறக்குறவங்க உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறத்தாழ 6,84,000 பேர். விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். இதுல அதிகம் பேர் 60 வயசு தாண்டினவங்க. அதனால "படியில தடுக்கி விழுந்துட்டாங்க"ங்கிறதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க.

6/
சேரைப் பார்க்காதவங்களுக்காக: படிக்கட்டு ஓரமா ஒரு தண்டவாளம். அதுல ஏறி இறங்குற ஒரு நாற்காலி. தண்டவாளத்துல பல் பல்லா இருக்கும், சேருக்கு அடியில இருக்குற பற்சக்கரம் அதைக் கவ்விட்டே நகரும். கயிறோ சங்கிலியோ தொங்குற மாதிரி பெரும்பாலான மாடல்கள்ல இருக்காது. அதனால "கயிறு அறுந்து கீழ வந்துருமோ"ங்கிற பயம் வேண்டாம்.

வேகமும் ரொம்பக் குறைவு. இதுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 81-40. அது அனுமதிக்கிற உச்ச வேகம் வினாடிக்கு 0.15 மீட்டர். 5 மீட்டர் தண்டவாளத்தைக் கடக்கவே அரை நிமிஷத்துக்கு மேல ஆகும்.

7/
நல்ல சேர்ல இருக்க வேண்டிய பாதுகாப்பு அம்சங்கள்:

• பட்டனை அழுத்திட்டு இருந்தா மட்டும் ஓடும், கையை எடுத்தா நிக்கும்.
• கால் வைக்கிற பலகை எதுலயாவது இடிச்சா உடனே நிக்கும். பேரனோட பொம்மை, பூனை, செருப்பு எதுவா இருந்தாலும்.
• வேகம் கூடினா தானா பிடிச்சு நிறுத்துற தனி பிரேக்.
• இடுப்பு பெல்ட்.
• மேல போய்ச் சேர்ந்ததும் சேர் லேண்டிங் பக்கமா திரும்பிப் பூட்டிக்கிற வசதி.
• சாவி. குழந்தைகள் இருக்குற வீட்ல கட்டாயம். அவங்களுக்கு இது ரங்கராட்டினம்தான்.

டெமோ காட்டும்போது இது ஒவ்வொண்ணையும் உங்க கண் முன்னாடி செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஓடுற சேர் பலகைக்கு முன்னாடி ஒரு அட்டைப் பெட்டியை வைங்க. நிக்கலைன்னா வாங்காதீங்க.

8/
அப்புறம் எதுலதான் பிரச்சனை? முதல் இடம் பேட்டரிக்கு.

பெரும்பாலான சேர்கள் வீட்டுக் கரண்ட்ல நேரடியா ஓடாது. உள்ள ரெண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், அதுலதான் ஓடும். வீட்டுக் கரண்ட் அந்த பேட்டரியை சார்ஜ் மட்டும் பண்ணும். இது நல்ல ஏற்பாடு. பாதி வழியில கரண்ட் போனாலும் அம்மா அந்தரத்துல நிக்க மாட்டாங்க, போய்ச் சேர்ந்துருவாங்க.

ஆனா பேட்டரி செத்தா, ஊர் முழுக்கக் கரண்ட் இருந்தும் சேர் நகராது. நம்ம வீட்டு இன்வெர்ட்டரும் இதுக்கு உதவாது.

9/
இந்த மாதிரி சீல் பண்ண லெட் ஆசிட் பேட்டரிக்கு எமன் ரெண்டு பேர்.

ஒண்ணு, வெயில். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதோட ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும்ங்கிறது பேட்டரித் துறையில பழைய கணக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற நம்ம ஊர் படிக்கட்டு சித்திரை வைகாசியில எப்படிக் கொதிக்கும்னு சொல்லத் தேவையில்ல. குளிர் நாட்டுக் கையேட்டுல போட்டிருக்குற ஆயுளை இங்க எதிர்பார்க்காதீங்க.

ரெண்டு, முழுசா காலியாகிக் கிடக்குறது. அந்த அம்மா வீட்ல நடந்தது இதுதான். ஏற்கனவே ரெண்டு வருஷப் பழசான பேட்டரி, அஞ்சு நாள் சார்ஜே இல்ல.

10/
அதனால மூணு பழக்கம்:

• ஊருக்குப் போனாலும் சேரோட சார்ஜர் ஸ்விட்சை ஆஃப் பண்ணாதீங்க. மெயினை ஆஃப் பண்றது உங்க வழக்கம்னா, சார்ஜருக்குத் தனி லைன் விட முடியுமான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க.
• சேரை நடுப்படியில நிறுத்தி வைக்காதீங்க. பல மாடல்கள்ல மேல கடைசியிலும் கீழ கடைசியிலும் மட்டும்தான் சார்ஜ் ஏறும். தப்பான இடத்துல நின்னா "பீப் பீப்"னு கத்தும். அந்தச் சத்தத்தைத் தொல்லைன்னு நினைக்காதீங்க, "எனக்குப் பசிக்குது"ன்னு சொல்லுது.
• ரெண்டு பேட்டரியையும் ஒண்ணா மாத்துங்க. "பைக் பேட்டரி போட்டா ஓடும் சார்"னு சொல்றவரை நம்பாதீங்க. பைக் பேட்டரி ஸ்டார்ட் பண்ண ஒரு நொடி வேகமா கரண்ட் கொடுக்க ஆனது. இங்க வேற வேலை.

11/
அடுத்து, கையேட்டுல இல்லாத நம்ம ஊர் எதிரிகள். சர்க்யூட் போர்டுக்குள்ள போற பல்லி, எறும்பு. வயரைக் கடிக்கிற எலி. தண்டவாளப் பல்லுல சேருற தூசி. கடலோர ஊர்னா உப்புக்காத்துல துரு.

வீட்டுக்கு வெளியில படிக்கட்டு இருக்குறவங்க கவனம். உள்ளே மாட்டுற மாடலை வெளியே மாட்டிட்டு மேல ஒரு ஷீட் போட்டா போதாது. ஐப்பசி மழை சாரல் பக்கவாட்டுல வரும். வெளியிடத்துக்குன்னே செஞ்ச மாடல் தனியா இருக்கு.

12/
கிரானைட், மார்பிள் படி இருக்குற வீடுகளுக்கு ஒரு விஷயம். தண்டவாளத்தைத் தாங்குற கால்கள் பொதுவா சுவர்ல நிக்காது, படியில நிக்கும். மேல ஒட்டின கிரானைட் பலகையை மட்டும் பிடிச்சா பத்தாது, அதுக்குக் கீழ இருக்குற கான்கிரீட்ல போல்ட் இறங்கணும். பலகை விளிம்புகிட்ட துளை போட்டா விரிசல் விடும்.

மாட்டின ஒரு மாசம் கழிச்சு ஒவ்வொரு காலையும் கையால ஆட்டிப் பாருங்க. ஆடினா அன்னைக்கே சேரை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க.

13/
இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன். சேர் பயணத்துல ஆபத்தான நேரம் நடுவழி கிடையாது. மேல் லேண்டிங்ல எழுந்து நிக்குற அந்தப் பத்து விநாடிதான். பின்னாடி மொத்தப் படிக்கட்டும் பள்ளமா கிடக்கு.

வயசானவங்க பலருக்கு உட்கார்ந்து எழுந்ததும் பிபி இறங்கும், கண் இருட்டும். சுகர் நாள்பட்டவங்க, பிபி மாத்திரை, நீர் பிரியிற மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது இன்னும் அதிகம்.

சேர் வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க: "படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ன பிறகு ஒண்ணாவது நிமிஷமும் மூணாவது நிமிஷமும் பிபி பாருங்க." மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா முதல்ல மாத்திரையைச் சரி பண்ணணும். மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

14/
மேல போனதும் செய்ய வேண்டிய வரிசையைச் சுவர்ல எழுதி ஒட்டுங்க:

சேர் முழுசா நிக்கட்டும். லேண்டிங் பக்கம் திருப்பு. "டக்"னு பூட்டுற சத்தம் கேட்கட்டும். காலை ரெண்டு மூணு தடவை ஆட்டு. அப்புறம் பெல்ட்டைக் கழட்டு. சுவர்க் கம்பியைப் பிடிச்சு எழு.

பாதிப் பேர் சேர் நிக்குறதுக்கு முன்னாடியே பெல்ட்டைக் கழட்டுறாங்க. பஸ் நிறுத்தம் வரும் முன்னே படிக்கு வந்து நிக்குற பழக்கம் நமக்கு, சேர்லயும் அதேதான்.

15/
புடவை. வெளிநாட்டு கேட்லாக்ல பேண்ட் போட்ட பாட்டி உட்கார்ந்திருப்பாங்க. நம்ம அம்மாக்களோட முந்தானை, கொசுவம், துப்பட்டா, அப்பாவோட வேட்டி, துண்டு எல்லாம் தண்டவாளப் பக்கமா தொங்கும். பற்சக்கரத்துல துணி மாட்டினா இழுக்கும்.

உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிட்டு, அதுக்கு மேல பெல்ட் போடணும். வேட்டியை மடிச்சு மடியில வைக்கணும். யூரின் பை போட்டிருந்தா அதோட குழாயும் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும்.

16/
யாருக்கு இந்தச் சேர் சரிப்படாது?

• கட்டுப்பாட்டுக்கு வராத வலிப்பு நோய் இருக்குறவங்க.
• மறதி நோய் முத்தினவங்க. நடுவழியில பெல்ட்டைக் கழட்டி எழுந்துருவாங்க. கூட ஒருத்தர் நடந்து வந்தாலும் ஆபத்துதான்.
• சாயாம நேரா உட்கார முடியாதவங்க.
• வீல்சேர்ல இருந்து சேருக்கும், மேல போனதும் சேர்ல இருந்து இன்னொரு வீல்சேருக்கும் மாற முடியாதவங்க. இவங்களுக்கு வீல்சேரையே ஏத்துற மேடை அல்லது வீட்டு லிஃப்ட் பத்தி யோசிக்கணும்.
• முழங்கால் மடங்காதவங்க. குறுகலான படியில நீட்டின கால் எதிர்ச்சுவர்ல இடிக்கும்.

இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சவங்க சீட் உயரத்தைப் பத்தி உங்க சர்ஜன்கிட்ட கேட்ட பிறகு முடிவு பண்ணுங்க. பக்கவாதம் வந்தவங்களுக்கு, பட்டன் நல்லா இருக்குற கைப்பக்கம் வரணும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லணும்.

17/
இன்னொரு கூட்டமும் இருக்கு. சேர் தேவைப்படாதவங்க.

சும்மா முழங்கால் வலிக்குது, மூச்சு லேசா வாங்குதுன்னு சேருக்குப் போகாதீங்க. முதல்ல ஏன் மூச்சு வாங்குதுன்னு பாருங்க. ரத்தசோகையா இருக்கலாம், இதயமா இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காம சேர் வாங்கிக் கொடுத்தா நோய் மறைஞ்சுட்டே வளரும்.

வீட்லயே ஒரு சின்ன சோதனை: கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, சாதாரண நாற்காலியில இருந்து கை ஊன்றாம எழ முடியுதா? முடிஞ்சா தொடையில இன்னும் பலம் இருக்கு. அந்தப் பலத்தைக் காப்பாத்துங்க. நாளைக்கு ரெண்டு வேளை, பத்துத் தடவை உட்கார்ந்து எழுறதே நல்ல பயிற்சி. பக்கத்துல ஒரு ஆள் நிக்கட்டும்.

18/
இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

வீட்டுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எழுதிக் கொடுத்து அனுப்பும்போது எந்த டாக்டரும் முதல்ல கேக்குறது ஒண்ணுதான்: "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? சிலிண்டர் இருக்கா?" பதில் இல்லைன்னா டிஸ்சார்ஜ் கிடையாது. ஏன்னா மெஷின்னா ஒரு நாள் நிக்கும். நிக்குற நாளுக்கும் சேர்த்து யோசிக்குறதுதான் வைத்தியம்.

ஸ்டேர்லிஃப்ட்டை நாம சோபா மாதிரி வாங்குறோம். கலர் பார்க்குறோம், தள்ளுபடி கேக்குறோம். ஆனா அது ஒரு மனுஷியோட கால். கால் நின்னு போற நாளுக்கு மாற்று இல்லாத வீட்ல சேர் மாட்டக் கூடாதுங்கிறது என் கருத்து.

19/
மாற்றுன்னா என்ன? நாலு விஷயம்.

அ) ரெண்டாவது கைப்பிடி. தண்டவாளம் ஒரு பக்கத்தை எடுத்துக்கும். எதிர்ப்பக்கச் சுவர்ல, முதல் படிக்கு முன்னாடி தொடங்கி கடைசிப் படி தாண்டி வரைக்கும், கை முழுசா சுத்திப் பிடிக்கிற உருண்டைக் கம்பி. சேர் செலவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. சேர் மாட்டுறதுக்கு முன்னாடியே இதை மாட்டுங்க.

ஆ) சேர் நிக்குற இடம். மடக்கின பிறகு படியில எவ்வளவு அகலம் மிச்சம் இருக்குன்னு டேப் வச்சு அளங்க. ஸ்ட்ரெச்சர் போகுமா, ரெண்டு பேர் ஒருத்தரைத் தூக்கிட்டு இறங்க முடியுமா? தீ விபத்துன்னா மத்தவங்க இறங்குற வழியும் அதுதான்.

20/
இ) மாடியில ஒரு வாரம் தாக்குப்பிடிக்கிற ஏற்பாடு. மேலயே கழிவறை, பத்து நாளுக்கு மாத்திரை, தண்ணி, கூப்பிட்டா கேக்குற ஒரு பெல். இன்சுலின் போடுறவங்கன்னா அதை வைக்க மேலயும் ஃப்ரிட்ஜ் வசதி. மனசுக்கும் ஒரு ஏற்பாடு வேணும். அந்த அம்மா பசியில இறங்கல. திதியில இறங்கினாங்க. அன்னைக்குப் படையலை மாடிக்குக் கொண்டு போயிருந்தா போதும். யாருக்கும் தோணல. குத்தமா சொல்லல, எனக்கும் தோணியிருக்காது.

ஈ) அவசரமா இறக்க ஒரு வழி. சில மாடல்கள்ல கையால சுத்தி சேரை இறக்கலாம். அந்தக் கைப்பிடி எங்க இருக்குன்னு வீட்ல ரெண்டு பேருக்காவது தெரியணும், ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்கணும்.

21/
காசு கொடுக்குறதுக்கு முன்னாடி விற்கிறவர்கிட்ட கேக்க வேண்டியவை. வாய் வார்த்தை வேண்டாம், எழுத்துல வாங்குங்க:

• உங்க சர்வீஸ் ஆள் எங்க ஊர்ல இருந்து எத்தனை கிலோமீட்டர்ல இருக்கார்?
• நின்னு போனா எத்தனை மணி நேரத்துல வருவீங்க? வராட்டி என்ன?
• பேட்டரி, சார்ஜர், போர்டு இந்த மாவட்டத்துலயே ஸ்டாக் இருக்கா?
• வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துல பேட்டரி சேருமா, சேராதா?
• இறக்குமதி மாடல்னா பத்து வருஷம் கழிச்சும் பாகம் கிடைக்குமா?
• எந்தத் தரநிலைக்குச் சான்று இருக்கு? சான்றிதழ் நகல் எங்க?
• எத்தனை கிலோ தாங்கும்?

பிறகு அவங்க சேர் மாட்டி மூணு வருஷம் ஆன ஒரு வீட்டுப் போன் நம்பர் கேளுங்க. போன மாசம் மாட்டின வீடு வேண்டாம். மூணு வருஷ வீட்லதான் உண்மை தெரியும்.

22/
பழைய சேர் பத்தி: "செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது"ன்னு கேக்குறாங்க. நேரான படின்னா தண்டவாளத்தை அளவுக்கு வெட்டி மாட்ட வாய்ப்பு இருக்கு. வளைவுப் படின்னா தண்டவாளத்தை அந்த வீட்டுக்குன்னே அளந்து வளைச்சிருப்பாங்க, உங்க வீட்டுக்குப் பொருந்தாது. எதுவா இருந்தாலும் அதே கம்பெனி ஆள் வந்து மாட்டி, புது பேட்டரி போட்டு, அவங்களே சர்வீஸ் பொறுப்பு எடுத்தா மட்டும் வாங்குங்க.

23/
இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி. அம்மா மாடியில ஏன் இருக்காங்க?

பல வீடுகள்ல கேட்டுப் பார்த்திருக்கேன். கீழ் போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கும். இல்ல, கீழ் ரூம் "கெஸ்ட் ரூம்"னு வருஷத்துல நாலு நாள் வர்ற விருந்தாளிக்காகப் பூட்டிக் கிடக்கும். அந்த ரூம்ல ஒரு கட்டிலும், கழிவறையில ரெண்டு கைப்பிடியும் போட்டா லட்சக்கணக்குல செலவு பண்ற சேரே வேண்டாம். நிக்காத, சார்ஜ் கேக்காத, சர்வீஸ் தேவையில்லாத ஒரே ஸ்டேர்லிஃப்ட் தரைத்தளம்தான்.

24/
ஆனா இதுக்கும் மறுபக்கம் உண்டு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார், நுரையீரல் நோயாளி. நாலு படி ஏறினா உதடு நீலமாகும். சேர் போட்ட பிறகு தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்து ரேடியோ கேக்குறார், செடிக்குத் தண்ணி ஊத்துறார். ஓபிக்கு வரும்போது முகத்துலயே தெரியுது. "கீழயே கிடங்கப்பா"ன்னு அவரைச் சொல்ல எனக்கு மனசு வராது. சேர் அவருக்கு உண்மையிலேயே ஒரு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கு.

அவர் வீட்ல ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. கீழயும் ஒரு கட்டில் தயாரா இருக்கு. சேர் ரெண்டு தடவை நின்னுச்சு, ரெண்டு தடவையும் யாரும் விழல. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால முடிவை அவங்களையும் கேட்டு எடுங்க. அவங்க காலைப் பத்தின பேச்சு அவங்க இல்லாம நடக்கக் கூடாது.

25/
ஏற்கனவே சேர் இருக்குறவங்க மாசம் ஒரு நாள் பார்க்க வேண்டியது:

• சார்ஜரைத் துண்டிச்சுட்டு மூணு நாலு தடவை ஆள் இல்லாம மேல கீழ ஓட்டுங்க. திணறினா பேட்டரி மாத்துற நேரம் வந்துருச்சு. முடிஞ்சதும் சார்ஜரை மறக்காம போடுங்க.
• பலகைக்கு முன்னாடி அட்டைப் பெட்டி வச்சு நிக்குதான்னு பாருங்க.
• பெல்ட், திரும்புற பூட்டு, தண்டவாளக் கால்கள்.
• தண்டவாளத்தைக் காஞ்ச துணியால துடைங்க. தேங்காயெண்ணெய், கிரீஸ்னு நீங்களா எதையும் தடவாதீங்க, தூசி ஒட்டிக்கும்.
• படிக்கட்டு லைட் எரியுதா?

26/
இவ்வளவும் செஞ்சும் யாராவது படியில விழுந்துட்டா: உடனே கையைப் பிடிச்சுத் தூக்கி உட்கார வைக்காதீங்க. கால் குட்டையா தெரிஞ்சா, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தா, இடுப்புல வலின்னா, அசைக்காம 108 கூப்பிடுங்க. எண்ணெய் போட்டு நீவுறது, கட்டு கட்டுறவர்கிட்ட போறது வேண்டாம். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க தலையில அடிபட்டா, நல்லா பேசினாலும் ஆஸ்பத்திரி வரணும்.

இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன்னா கூடிய வரைக்கும் 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள செய்யணும். படுக்கையில கிடக்குற ஒவ்வொரு நாளும் நிமோனியா, படுக்கைப்புண், ரத்தக்கட்டின்னு வரிசையா வரும். "வயசாயிருச்சு, ஆபரேஷன் எதுக்கு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க.

27/
மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்க வழி இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. வர்றவங்ககிட்ட "சேர் இல்லாத நாள்ல அம்மா எப்படி இறங்கணும்"னு கத்துத் தரச் சொல்லுங்க. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. இந்த ஒரு வரி தெரியாம விழுறவங்க இருக்காங்க.

28/
அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இப்போ வாக்கர் வச்சு நடக்குறாங்க. கட்டில் கீழ வந்துருச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு மகன் கேட்டார், "அந்தச் சேரைக் கழட்டிப் போட்டுரட்டுமா டாக்டர்?"

அம்மா முந்திக்கிட்டாங்க. "ஏன்டா, அது என்னடா பண்ணுச்சு? பசிச்சிருச்சு, நின்னுருச்சு. நீதான் போன் பண்ணிப் போன் பண்ணிப் பார்த்த. நான்தான் அவசரப்பட்டேன்."

யாரையும் நோகாம பேசுற வயசு அது. ஆனா எனக்குத் தெரியும், பதினோரு நாள் "நாளைக்கு"ன்னு சொன்னவங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. ரெண்டாவது கம்பி மாட்டாத சுவருக்கும் பங்கு இருக்கு.

29/
இன்னைக்கு சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்க. சேர் இருக்குற வீடா இருந்தா, அது ஓடலைன்னு வச்சுக்கிட்டு உங்க படிக்கட்டுல கீழ நின்னு மேல பாருங்க. அம்மா எதைப் பிடிப்பாங்க? எங்க கையை விடுவாங்க? யாரைக் கூப்பிடுவாங்க?

பதில் கிடைக்காத இடத்துல ஒரு கம்பி மாட்டுங்க. அப்புறம் சேர் கலரைப் பத்திப் பேசலாம்.

த்ரெட் முடிஞ்சது. கேள்வி இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.